கீழநல்லூர்ப் பெட்டி கற்றுக்கொண்ட ஆட்டம்

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிவிட்டு, "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்க."

"உங்க ஊர்ல கம்ப்யூட்டர் இல்லையா சார்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பினாங்கில் கணினிகள் இருக்கின்றன என்றும், நான் பார்க்க வந்தது கணினியை அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு கோப்பை என்றும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே 'சுற்றுலா' என்று குறித்துக்கொண்டு முத்திரையைக் குத்திவிட்டார். என் பயணத்தின் முதல் ஆவணமே தவறு. அதில் தேதி ஒன்றுதான் சரி.

நான் துறைமுகத்தில் சரக்குப் பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமிழில் ஒரு சின்ன இதழ் கொண்டுவருகிறேன். எந்த நிரல் எந்த நாளில் எந்த நகர்வை ஆடியது என்று குறித்து வைப்பதுதான் என் வேலை. நாற்பது பேர் வாசிக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சதுரங்கம் தெரியாது. என் முகத்துக்காக வாங்குகிறார்கள்.

இந்த நிரல்களுக்குத் திறப்புப் புத்தகம் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை நிரல் யோசித்து ஆடுவதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்த பாதைகளெல்லாம் அதற்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றை எடுத்து ஆடும். சில நிரல்களுக்குக் கற்றல் என்ற வசதியும் உண்டு. ஒரு பாதையில் ஆடி வென்றால் அந்தப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எண் கூடும். தோற்றால் குறையும். எண் கூடின பாதையை அடுத்த முறை அதிகமாகத் தேர்ந்தெடுக்கும். தண்ணீர் ஓட ஓட வாய்க்கால் ஆழமாவது போலத்தான்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் கீழநல்லூர் என்ற கிராமத்துப் படிப்பகத்தில், ஊரார் 'பெட்டி' என்று கூப்பிடும் கணினியில் அப்படி ஒரு நிரல் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. படிப்பகத்தின் செயலாளர் இளங்கோவன் எனக்கு மின்னஞ்சல் எழுதுவார். தங்கள் கணினி கருப்புக் காய்களோடு ஆடும்போது, எதிராளி குதிரையை எடுத்து வைத்ததும், இரண்டாவது நகர்விலேயே ராஜா பக்கத்து மந்திரிக்கு, அதாவது பிஷப்புக்கு, முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது, அப்படி ஆடி இருநூறு ஆட்டங்களுக்கு மேல் வென்றிருக்கிறது என்று பட்டியல் அனுப்பினார். புத்தகங்கள் சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கிய திறப்பு அது. வெறும் மனிதர்களோடு ஆடியே ஓர் இயந்திரம் அதற்கு உயிர் கொடுத்துவிட்டது என்று நான் என் இதழின் முதல் பக்கத்தில் எழுதினேன். இளங்கோவன் அதைச் சட்டம் போட்டுப் படிப்பகத்தில் மாட்டிவிட்டார். நகல்கள் எடுத்துச் சுற்று மாவட்டங்களுக்கெல்லாம் கொடுத்தும்விட்டார். கோப்பை நேரில் பார்த்து ஒரு விரிவான கட்டுரை எழுதத்தான் இந்தப் பயணம்.

வியாழக்கிழமை, புரட்டாசி முதல் வாரம். கடிதங்களில் இளங்கோவன் தன் ஊரை எப்போதும் 'நல்லூர்' என்றே எழுதுவார். நானும் நடத்துனரிடம் நல்லூர் என்றே கேட்டேன். அவர் ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார். பேருந்து போனபிறகுதான் பலகையைப் பார்த்தேன்: மேலநல்லூர்.

தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"கீழநல்லூரா? பாமணியாத்துக்கு அந்தாண்ட. நடந்தா முக்கா மணி நேரம்."

"நடத்துனர் சொல்லியிருக்கலாமே?"

"அவரு இந்த ஊர்க்காரருங்க. அவரைப் பொறுத்தவரைக்கும் நல்லூருன்னா இதுதான். அந்த ஊர்க்காரங்க அப்படிச் சொல்லிக்கிறாங்கன்னு தெரிஞ்சா கோவம்தான் வரும்."

பினாங்கில் பேருந்து நிறுத்தத்துக்கு எண் உண்டு. எண்ணோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பை ஒட்டிய மண்பாதையில் நடந்தேன். நாற்றங்கால்கள் பச்சையாக இருந்தன. அவற்றுக்குப் போக வேண்டிய வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. வழியில் ஒரு சிறுபாலத்தின் திறப்புக் கல்வெட்டைப் படிக்க நின்றேன். ஆட்சி மாறியதும் யாரோ திறந்துவைத்தவரின் பெயர்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெயரை மறைத்தது அவர்கள் விருப்பம். கூடவே தேதியையும் மறைத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இளங்கோவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிப்பக வாசலில் நின்றார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய கட்சிக்காரர், கடவுள் மறுப்பாளர்.

"வாங்க வாங்க! ஏங்க நடந்து வர்றீங்க? பஸ்ஸு படிப்பக வாசல்லயே நிக்குமே!"

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பு மண்ணைத் தட்டினேன்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. முத்துப்பேட்டை மீன் பற்றி அவர் மூன்று மின்னஞ்சல்களில் எழுதியிருந்தார். இலையில் கத்தரிக்காய் சாம்பார் விழுந்தது.

"புரட்டாசி பாருங்க," என்றார் குரலைத் தாழ்த்தி.

"நீங்கள் நாத்திகர் அல்லவா?"

"நான் நாத்திகன்தான். அடுப்பு அவங்களுது."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "நாத்திகர் கைய நீட்டச் சொல்லுங்க, அப்பளம் வருது."

அன்று மாலைதான் கோமதியைச் சந்தித்தேன். இருபத்தொன்பது வயது. மன்னார்குடியில் தட்டச்சும் நகலும் எடுக்கும் கடையில் வேலை. ஊரில் எல்லோருக்கும் கணினி எளிய நிலையில் ஆடும். கோமதிக்கு மட்டும் முழுப் பலத்தில். ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் மண்டலப் போட்டியின் கடைசிச் சுற்று. அவளும் சீர்காழிக்காரர் ஒருவரும் சமப் புள்ளியில் முன்னால் இருந்தார்கள். டிராவானால் அவர் முதலிடம். இவள் ஜெயித்தே ஆக வேண்டும், அதுவும் கருப்புக் காய்களோடு. முதலிடம் வருபவர் திருச்சிப் போட்டிக்குப் போவார். திருச்சியில் முதலில் வருபவரின் பெயர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலக வேலைக்குப் போகும். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு.

"எட்டு மாசமா உங்க ஆட்டத்தைத்தான் சார் படிக்கிறேன்," என்றாள்.

"என் ஆட்டமா?"

"நீங்க எழுதினீங்களே, பெட்டியோட ஆட்டம். ஞாயித்துக்கிழமை அதைத்தான் ஆடப் போறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை காலை கோப்பைத் திறந்தேன். இருநூறு வெற்றிகளுக்கும் தேதியும் நேரமும் இருந்தன. மனம் குளிர்ந்தது. பிறகு ஆட்டங்களைத் திறந்தேன். குளிர்ச்சி போய்விட்டது. முதல் ஆட்டத்தில் எதிராளி ஒன்பதாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்ததில் பதினொன்றாவது நகர்வில், ஒரு குதிரை அதிகமாக இருக்கும்போதே. இன்னொன்றில் அடுத்த நகர்வில் ராஜாவை முடக்கியிருக்கலாம். அந்த மனிதர் அங்கே தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தார். இளங்கோவன் அனுப்பிய பட்டியலில் வெற்றி, தோல்வி, தேதி மட்டுமே இருந்தன. தேதிகள் ஒழுங்காக இருக்கவே நான் ஆட்டங்களைக் கேட்கவே இல்லை. முப்பது ஆண்டுகள் சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாத ஆள் நான்.

பதினோரு மணிக்கு வைத்தி என்பவர் கணினி முன் உட்கார்ந்தார். ஊரின் பெரிய மிராசு குடும்பம். அவரை எல்லோரும் 'பண்ணை' என்றே கூப்பிட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னவர் முருகையன், அவர்களுடைய நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். இருவருக்கும் அந்த நிலத்தைப் பற்றியே நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது.

"யானையைத் தூக்கு பண்ணை, சும்மாதான நிக்குது."

"ஏன்யா, கோர்ட்டுல உங்க வக்கீலுக்குச் சொல்ற யோசனையெல்லாம் எனக்கு எதுக்கு?"

"அவன் காசு வாங்கிட்டுத் தூங்குறான். நீயாவது கேளு."

வைத்தி யானையை வெட்டினார். நன்றாக வென்றுகொண்டிருந்தார். அப்போது சாலையில் ஒரு மிதிவண்டி மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனது. ஆற்றின் மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித்துறை லஸ்கர் அவர்.

"தண்ணி வுட்டாச்சு! ஷட்டர் தூக்கியாச்சு!"

படிப்பகத்தில் இருந்த பத்துப் பேரும் எழுந்தார்கள். வைத்தி சுட்டியை நகர்த்தி 'தோல்வி' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் செருப்பைத் தேடினார். முருகையன் அதற்குள் வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்கள்! நீங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தீர்களே!" என்று கத்தினேன்.

"தெரியுங்க. மடைக்குப் போவணும்ல?"

"ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே! கணினி காத்திருக்கும்!"

"அதெப்படிங்க? எந்திரிச்சா தோத்தது. அது இங்க ரூலு." போயேவிட்டார்.

படிப்பகத்தில் நானும் இளங்கோவனும் மட்டும் மிஞ்சினோம். அவர் பொறுமையாக விளக்கினார். கணினி வருவதற்கு முன்னால் பலகையில் ஆடிய காலத்தில், பண்ணை ஆட்களும் குத்தகைக்காரர்களும் ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு மந்திரி இடம் மாறியிருந்ததாம். யார் மாற்றியது என்று கைகலப்பு. ஏற்கெனவே அறுவடைக் கூலிப் பேச்சு முறிந்திருந்த நேரம். பலகை இரண்டாக உடைந்தது. ஊர் கூடிப் பேசி, ஆட்டத்தை யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது, எழுந்தவர் தோற்றவர் என்று முடிவு செய்தார்கள். இரண்டு தரப்பும் இன்றுவரை மீறாத ஒரே ஒப்பந்தம் அதுதான் என்றார்.

"ஆனால் இது கணினி! காயை யார் மாற்றப்போகிறார்கள்?"

"ஆளுக்கொரு ரூலு, மெஷினுக்கொரு ரூலுன்னு வைக்க முடியுங்களா? சமத்துவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சுவரில் பொதுப்பணித்துறையின் முறைப்பாசன அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு. பழைய ஆண்டுகளின் அறிவிப்புகளையும் இளங்கோவன் ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் என் இனம். வெற்றிகளின் தேதிகளை அறிவிப்புகளோடு ஒப்பிட்டேன். தண்ணீர் திறந்த நாட்களில் வெற்றி குவிந்திருந்தது. அடைத்த நாட்களில், ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களிடம் கணினி அந்தத் திறப்பில் அடிமேல் அடி வாங்கியிருந்தது. ஏதோ ஒரு குறுவைக் காலத்தில் தற்செயலாக அந்தச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறது, தண்ணீர் வந்திருக்கிறது, ஊரே தோல்வியை ஒப்புக்கொண்டு ஓடியிருக்கிறது. எண் கூடியது. மறுபடி ஆடியது. மறுபடி தண்ணீர்.

பெட்டி சதுரங்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆற்றில் தண்ணீர் விடும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தது. அதை நான் நாற்பது பேருக்குக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருக்கிறேன்.

மாலையில் வயலிலிருந்து சேற்றுக் காலோடு திரும்பிய வைத்தியிடம் சொன்னேன். அவர் அசையவே இல்லை.

"நாங்க எந்திரிச்சோம். அது எந்திரிச்சுதா?"

"அது எப்படி எழும்?"

"அப்ப அது ஜெயிச்சதுதானே!"

அந்தக் கற்றல் எண்களையாவது அழித்துவிடலாம் என்றேன். இளங்கோவன் பதறிவிட்டார். "அஞ்சு வருஷத்து வெற்றிங்க! அழிச்சுட்டு ஊருக்கு என்ன பதில் சொல்றது?" தோற்றதெல்லாம் அந்த ஊர்தான் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. முருகையன் மட்டும் யோசித்துவிட்டு, "அழிக்கிறதா இருந்தா பண்ணை தோத்ததை மட்டும் வச்சிருங்க," என்றார்.

கோமதி ஏழு மணிப் பேருந்தில் வந்து இறங்கினாள். அறிவிப்புகளையும் தேதிகளையும் அவள் முன் விரித்தேன். சொல்லி முடித்தேன்.

"ஆனா எங்கிட்ட அது நேர்மையாத்தான் ஜெயிச்சுது. நான் எந்திரிச்சதே இல்லை," என்றாள்.

"முழுப் பலத்தில் அது உங்களை எந்தத் திறப்பிலும் ஜெயிக்கும். அதனால் அந்தத் திறப்பு நல்லது என்று ஆகாது."

அவள் சுவரில் சட்டத்துக்குள் இருந்த என் கட்டுரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் சந்தேகம் வந்துச்சு சார். மூணாவது மூவ்ல குதிரையால சிப்பாயை வெட்டினா என்ன பண்றதுன்னு. பெட்டி தப்பா ஆடலாம், ஆனா மலேசியாவுல ஒருத்தர் உக்காந்து ஆராய்ஞ்சு எழுதியிருக்காரே, அவரு பார்த்திருப்பாரேன்னு விட்டுட்டேன். நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"ஒரு ஆட்டம்கூட?"

"தேதிகளைப் பார்த்தேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அன்று இரவு உணவைத் தொடவில்லை. இளங்கோவனின் மனைவி அதைப் புரட்டாசி விரதம் என்று எடுத்துக்கொண்டு என்மேல் மதிப்பு வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் படிப்பகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். கடைக்கு விடுப்பு. நிரலின் அமைப்பில் கற்றலையும் திறப்புப் புத்தகத்தையும் நிறுத்திவிட்டு, இரண்டாவது நகர்வுக்குப் பிறகான நிலையைத் திரையில் வைத்து, அதைச் சொந்தமாக யோசிக்க விட்டிருந்தாள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. ஒரு மணி நேரம் யோசித்த பெட்டி, தானே இருநூறு முறை ஆடிய நகர்வு தனக்குத்தான் கெடுதல் என்று சொன்னது.

"புக்கை மூடினா நல்லாத்தான் யோசிக்குது," என்றாள்.

பழையபடி இரண்டாவது நகர்வில் குதிரையையே எடுத்து வைப்பது என்று முடிவு செய்தாள். ஆனால் அந்த வழியைத் தொட்டு எட்டு மாதம். பகல் முழுவதும் தனியாகப் பலகையில் காய் நகர்த்தினாள். என்னிடம் ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. நான் மூன்று முறை தேநீர் வாங்கி வந்தேன். மூன்றாவதைத்தான் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குக் கடிகாரத்தைத் தட்டிவிடுவார்கள். பத்து மணிக்குள் பலகை முன் உட்காராவிட்டால் தோல்வி. ஏழரைக்கே பேருந்து ஏறினோம்: கோமதி, இளங்கோவன், நான். எட்டு மணிக்கு வண்டி நின்றது. முன்னால் சாலையின் நடுவே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியல்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"தாசில்தார் வரணும்."

"அவர் எப்போது வருவார்?"

"ஞாயித்துக்கிழமைங்களே சார்." அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

இளங்கோவன் இறங்கிப் போனார். சமாதானம் பேசப் போகிறார் என்று நம்பினேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அருகே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "கோமதியின் ஆட்டம்!" என்றேன்.

"அதுவும் நியாயம்தான். இதுவும் நியாயம்தான். நீங்க அவளைக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

எப்படிப் போவது என்று அவர் சொல்லவில்லை. கோமதி அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே வழி கேட்டுக்கொண்டு நடந்தாள். "சித்தப்பா, கால மடக்குங்க. மாமா, கொஞ்சம்." எல்லோரும் மடக்கினார்கள். ஒரு கிழவர், "எங்கம்மா, ஆட்டத்துக்கா? ஜெயிச்சுட்டு வா, நாங்க இங்கதான் இருப்போம்," என்றார். மறியலின் மறுபக்கம் திருவாரூரிலிருந்து வந்த பேருந்துகள் வரிசையாக மாட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றைத் திருப்பச் சொல்லி அரை மணி நேரம் வாதாடினோம். முழு வண்டி ஆள் சேர்ந்தால்தான் திருப்புவேன் என்றார் அந்த நடத்துனர். கடைசியில் கோமதியே எங்கள் பேருந்துக்கு ஓடிப்போய் இருபது பேரைக் கூட்டிவந்தாள். எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் நான் நாளிதழுக்குக் கடிதம் எழுதியிருப்பேன். இங்கே யாருக்கு எழுதுவது?

திருவாரூரில் போட்டி நடந்த திருமண மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பத்தெட்டு. அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சீர்காழிக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்காரர், திருநீறு கலையாத நெற்றி. ராஜாவின் சிப்பாயைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். கோமதி உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடியே தன் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினாள்.

அடுத்து அவர் குதிரையை வெளியே எடுத்து வைக்க வேண்டும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எடுப்பார்கள். அவர் கை குதிரைக்கு மேலே போனது. நின்றது. திரும்பி வந்தது. பிறகு இருபத்திரண்டு நிமிடம் யோசித்தார். என் கடிகாரத்தில் பார்த்துக் குறித்திருக்கிறேன். கடைசியில் ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் நகர்வு. கோமதி தலையைத் தூக்கி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அவருடைய நேரம் கரைந்துபோய் இருவர் கடிகாரத்துக்கும் இருந்த இடைவெளி பாதியாகியிருந்தது.

மூன்றரை மணி நேரம். ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களுமாக வந்து நின்றது. கோமதி ஒரு சிப்பாயை அங்குலம் அங்குலமாகக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனாள். அந்தக் கடைசிப் பகுதியை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. சீர்காழிக்காரர் கையை நீட்டினார்.

வெளியே பந்தலில் அவரே என்னைத் தேடி வந்தார். "நீங்கதானே மலேசியா சார்? உங்க கட்டுரையைப் படிச்சிருக்கேன். பொண்ணு கீழநல்லூர்னு தெரியும். குதிரையைத் தூக்கினா அந்தச் சிப்பாய் வந்துடும்னு பயந்து தூக்கவே இல்லைங்க. ராத்திரியெல்லாம் அதுக்கு மருந்து தேடினேன், கிடைக்கலை. ஆனாலும் தோத்துட்டேன். பெரிய கண்டுபிடிப்புதான் சார் அது."

நான் வாயைத் திறந்தேன். மூன்றாவது நகர்வில் சிப்பாயை வெட்டியிருந்தால் போதும் என்று சொல்லத்தான் திறந்தேன்.

"சார், காபி ஆறுது," என்றாள் கோமதி. காபியே அங்கு இல்லை.

திரும்பும் பேருந்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு தவறை இப்படி உலவ விடக் கூடாது. அடுத்த இதழில் முழுத் திருத்தம் வெளியிடப்போகிறேன். தண்ணீர் முறை, தேதிகள், எல்லாவற்றோடும்."

"போடுங்க சார். போட்டுத்தான் ஆகணும். பாவம் அந்த மனுஷன்."

பயணச்சீட்டை நான்காக மடித்தாள். "எப்போ வருது உங்க இதழ்?"

"இன்னும் இரண்டு வாரத்தில்."

"திருச்சிப் போட்டி மூணு வாரத்துல. அங்க வர்றவங்களும் உங்களைப் படிச்சிருக்காங்க." பிறகு, எதையும் கேட்காதவள் போல, "உங்க இதழ் லேட்டாவுமா சார்?" என்றாள்.

"பதினோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை," என்றேன்.

"ஓ," என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் மறுத்திருப்பேன்.

பினாங்குக்குத் திரும்பி இரண்டே நாளில் திருத்தத்தை எழுதி முடித்தேன். எட்டுப் பக்கம், அட்டவணையோடு. எழுதி, உறையிலிட்டு, மேசையில் வைத்தேன். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது, போனது. தொலைபேசியில் கேட்ட வாசகர்களிடம் அச்சகத்தார் வீட்டில் கல்யாணம், அதனால் சற்றுத் தாமதம் என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

திருச்சிப் போட்டி முடிந்த மறுநாள் திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. கருப்பில் ஆடிய மூன்று ஆட்டங்களில் முதலாவதில் எதிராளி துணிந்து குதிரையை எடுத்துவிட்டார், டிரா. மற்ற இரண்டு பேரும் எடுக்கவில்லை. கடைசி வரி: "எம் பேரை அனுப்பிட்டாங்க சார். இனிமே போடுங்க."

அன்றே உறையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்தார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பத்து நாளாகத் தெரிந்தவர்களெல்லாம் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்றார். இரண்டு பேர் பரிசுப் பொருள் அனுப்பியிருந்தார்கள், ஒன்று குத்துவிளக்கு.

"எல்லாம் சரி," என்றார். "எங்கள் வீட்டில் கல்யாணம் யாருக்கு?"